ஈரச் சாம்பல்

தீ அணைந்த இடத்தில் முதல் ஆளாக ஓடிவந்து காரணம் சொல்கிறவரை நம்பாதீர்கள். இரண்டாவதாக வருகிறவரையும் நம்ப வேண்டாம். முதல் ஆள் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் வந்திருப்பார்.

தீயணைப்பு வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அம்மா என்று உங்கள் அதிகாரி வந்து கேட்டார். எனக்குக் கையெழுத்துப் போட வந்ததே நாற்பது வயதுக்கு மேல்தான். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் ஆகிறது. எனக்கு அவசரம் இல்லை, நீங்களும் அவசரப்படாமல் படியுங்கள். குழாய் பிடிப்பது, ஏணி ஏறுவது எல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். நான் சித்தூரில் வேலை பழகுகிற ஆளாக இருந்த ஆறு மாதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதில் ஒரு விஷயத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் நாகலாபுரம் பக்கம் பிறந்தவள். கட்டியவன் ஒரு நாள் வண்டி ஓட்டிக்கொண்டு போனான், திரும்பி வரவில்லை. அவனுக்கு இந்தக் காகிதத்தில் இவ்வளவு இடம் போதும். திருப்பதியில் திருவிழாக் காலத்தில் யாத்திரிகர்களுக்குக் கீற்றுக் கொட்டகை போடுவார்கள். பெண்கள் கொட்டகைக்குத் தண்ணீர் சுமக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. உள்ளே வரிசையாகக் கல் அடுப்புகள், தலைக்கு மேல் காய்ந்த கீற்று. தீயணைப்பு ஆட்கள் வாசலோடு சரி. பெண்கள் புடவை மாற்றுகிற இடத்துக்குள் ஆண்பிள்ளை எப்படி வருவான்? ஒரு நாள் அடுப்பிலிருந்து கீற்றில் பிடித்துக்கொண்டது. வாசலில் நின்றவர்கள் "தள்ளுங்கம்மா, தள்ளுங்கம்மா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் எரிகிற கீற்றை இழுத்துக் கீழே போட்டு இரண்டு குடம் தண்ணீரைக் கவிழ்த்தேன். அங்கே இருந்த அதிகாரி ஒருவர், "எங்களோடு வேலைக்கு வருகிறாயா?" என்று கேட்டார். எதற்குக் கேட்கிறான் இந்த ஆள் என்றுதான் நினைத்தேன். மூன்று நாள் பதில் சொல்லவில்லை. நான்காம் நாள் அவருடைய மனைவியைத் தேடிப்போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்துதான் சரி என்றேன்.

சித்தூரில் ஆறு மாதம் பழக வேண்டும். கடைசியில் எங்கள் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் நல்ல வார்த்தை எழுதினால் வேலை நிலைக்கும். எழுதாவிட்டால் மறுபடியும் இடுப்பில் குடம். லீடிங் ஃபயர்மேன் என்பது அவர் பதவி, நாங்கள் லீடிங்கார் என்று கூப்பிடுவோம். தெலுங்குக்காரர். நாலு வார்த்தை சேர்த்துப் பேசமாட்டார். ஒரு பொம்பளை எதற்கு இங்கே வந்தாள் என்று அவர் என்னைச் சந்தேகப்பட்டார். இந்த ஆள் எப்போது என்னை விரட்டுவான் என்று நான் அவரைச் சந்தேகப்பட்டேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி இருந்ததால் சண்டை வரவில்லை.

முதல் இரண்டு மாதம் நனைந்த குழாயைக் கழுவிக் காயப்போடுவதுதான் என் வேலை. வண்டியில் ஏற்றமாட்டார்கள். புத்தலப்பட்டுப் பக்கம் ஒரு குடியானவர் வீடு எரிந்தபோதுதான் முதல் தடவை ஏறினேன். அதுகூட ஆள் குறைந்த நாளில். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் லீடிங்கார் "உள்ளே யாராவது உண்டா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் இல்லை என்றார். வீட்டுக்காரி இல்லை என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்தாச்சு என்றார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்காரியின் கண் கொல்லைப்புறம் போய்ப் போய் வந்தது. நான் அவள் தோளைப் பிடித்து, "பொண்ணு வயசுக்கு வந்து ஓலைக்குள்ள உக்காந்துகினு இருக்குதா?" என்று கேட்டேன். அப்போதுதான் அழுதாள். கொல்லைக் கோடியில் பச்சை ஓலை கட்டிய குச்சுக்குள் அந்தப் பெண் புகையில் சுருண்டு கிடந்தது. தீட்டுக் கழியாத பெண்ணை அவர்கள் வீட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்நிய ஆண்பிள்ளை முன்னால் அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. நான் தூக்கிக்கொண்டு வந்தேன். லீடிங்கார் என்னைப் பார்த்து, "இனிமே எல்லா வண்டியிலயும் ஏறு" என்றார். பாராட்டு அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன், ஜனங்கள் பொய் சொல்லும்போது மட்டும் சந்தேகப்பட்டால் போதாது. உண்மை சொல்லும்போதும் சந்தேகப்பட வேண்டும்.

இப்போது அந்த மாசி மாதத்து விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஆறு மாதம் முடியப் பதினோரு நாள் பாக்கி இருந்தது.

ஆந்திரா தனியாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எந்த ஊர் ஆந்திராப் பக்கம், எந்த ஊர் சென்னை ராஜ்யத்துப் பக்கம் என்று இன்னும் முடிவாகவில்லை. அதுவரை ஒன்றாக உட்கார்ந்து தின்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். சித்தூருக்குக் கிழக்கே ஆறு மைலில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். ஊரெல்லாம் தமிழ்க் குடியானவர்கள். எங்களைச் சென்னையோடு சேருங்கள் என்று ஒரு மனு எழுதி வீடு வீடாகக் கைநாட்டு வாங்கி, அந்தக் காகிதத்தை ஊர் மணியக்காரர் தன் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கொட்டகை எரிந்தது. பெட்டியும் போனது, கட்டியிருந்த கறவை மாடும் போனது.

சைக்கிளில் ஆள் வந்து சொல்லி நாங்கள் போவதற்குள் பாதி வேலையைத் தீயே முடித்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கூரைக்குத் தாவாமல் தடுத்தோம். புகை அடங்குவதற்கு முன்பே மணியக்காரர் வந்துவிட்டார்.

"இன்னா லீடிங்கு, எழுதிக்கோ. பந்துலு கொளுத்தினான்னு எழுது."

பந்துலு என்றது அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரை. தெலுங்குக்காரர். திருப்பதிப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர். எல்லைத் தகராறு வந்த பிறகு ஊர் அவரை ஒதுக்கி வைத்திருந்தது. கடையில் அவருக்கு உப்புகூடக் கொடுக்கக் கூடாது என்று மணியக்காரர் உத்தரவு. காலையில் அவர் மணியக்காரர் வீட்டு வேலி ஓரமாக மேல்துண்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வேகவேகமாகப் போனதை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாழிகை கழித்துக் கொட்டகை எரிந்திருக்கிறது. அவரைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குள் தள்ளிப் பூட்டி வைத்திருந்தார்கள். வாசலில் ஐம்பது ஆண்பிள்ளைகள். பாதிப் பேர் கையில் அரிவாள்.

லீடிங்கார் என்னையும் கூட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். வாத்தியாருக்கு உதடு கிழிந்திருந்தது.

"துண்டுக்குள்ள என்ன வச்சிருந்தீங்க?" என்று லீடிங்கார் கேட்டார்.

வாத்தியார் தரையைப் பார்த்தார். "நான் நெருப்பு வைக்கலை" என்றார்.

"அது இருக்கட்டும். துண்டுக்குள்ள என்ன?"

பதில் இல்லை. மூன்று தடவை கேட்டும் இல்லை.

திரும்பி வரும்போது நான், "இவன்தான் சார். ஒண்ணும் இல்லாதவன் எதுக்கு வாயை மூடிக்கினு இருப்பான்?" என்றேன்.

"நீ பார்த்தாயா?"

"பார்க்கல."

"அவன் வீட்டில் பெண்டாட்டி இருக்கிறாளாம். பிள்ளை பெற்று இருபது நாள். போய்ப் பார். இந்தக் கூட்டம் அங்கேயும் போகும்."

நான் வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். நானும் தமிழச்சிதானே. மணியக்காரர் சொன்னது எனக்கும் இனிப்பாகத்தான் இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் இந்த வேலையில் இருக்கக் கூடாது. சந்தேகம் நமக்குப் பிடித்த பக்கமாகவே சாயும். அப்படிச் சாய்கிறபோது அது சந்தேகம் அல்ல, வெறும் ஆசை.

வாத்தியார் வீட்டில் அந்தப் பெண் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு உடைந்த பானை ஓடு, அதில் கொஞ்சம் சாம்பல், அணைந்த கரித்துண்டு இரண்டு.

"தீப்பெட்டி இல்லையா?" என்று தெலுங்கில் கேட்டேன்.

"நான்கு நாளாக இல்லை. கடையில் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். அடுப்பை அணையவிடாமல் வைத்திருந்தேன். ராத்திரி குழந்தைக்கு முடியவில்லை, அசந்துவிட்டேன். காலையில் பார்த்தால் அணைந்து கிடந்தது. அவர்தான் எங்கிருந்தோ நெருப்பு வாங்கிக்கொண்டு வந்தார்."

எங்கிருந்தோ. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு முடிச்சு அவிழ ஆரம்பித்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை நெருப்பு கேட்டால் பெற்ற மகளுக்குக்கூடக் கொடுக்க மாட்டார்கள். அடுப்பு நெருப்போடு வீட்டு லட்சுமியும் வெளியே போய்விடும் என்பார்கள். அந்த ஊரில், அந்த நாளில், ஊர் ஒதுக்கிவைத்த ஆளுக்கு ஒரு கை நெருப்பு கொடுத்தது யார்?

மூன்று பேர் அவரைப் பார்த்தது மணியக்காரர் வீட்டு வேலி ஓரத்தில். அந்த வீட்டுக் கொல்லைக்குப் போனேன். பெண்களெல்லாம் செத்த மாட்டைச் சுற்றி நின்று அழுதுகொண்டிருந்தார்கள். அவருடைய மருமகள், பதினெட்டு வயது இருக்கும், அழவில்லை. வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"கை சுட்டுக்கினியா? வா, தண்ணி ஊத்தலாம்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லி, கிணற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

இரண்டு விரலில் கொப்புளம். கொட்டகைத் தீயில் பட்ட கொப்புளமாக இருந்தால் புறங்கையில் இருக்கும். இது விரல் நுனியில் இருந்தது.

"ஓட்டுல நெருப்பு அள்ளிக் குடுத்தது நீதானா?"

அவள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கொழந்த கத்தினே இருந்துச்சு அக்கா. நாலு ஊடு தள்ளி எனக்குக் கேக்குது. அந்த ஆளு வேலி ஓரமா வந்து நின்னாரு. ஒண்ணும் பேசல, ஓட்டை மட்டும் நீட்டினாரு. வேலி மேல குடுக்கும்போது ஒரு கங்கு உழுந்துட்ச்சு. மாட்டுக்கு வச்ச காஞ்ச கடலைக்கொடி மேல. நான் கையால எடுத்து வெளிய போட்டேன். அணைஞ்சிட்ச்சுன்னு நெனச்சேன் அக்கா."

"அந்த ஆளு ஏன் சொல்லல?"

"நான் சொல்லக் கூடாதுன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். வெள்ளிக்கிழமை நெருப்புக் குடுத்தேன்னா எங்க மாமியா என்னை இப்பவே தொரத்திடுவா. வேலி ஓரம் ஒரு ஆம்பளை கிட்ட குடுத்தேன்னா எங்க ஊட்டுக்காரு என்னா பண்ணுவாருன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். நன்றாகத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் உதடு கிழிந்து உட்கார்ந்திருந்தவர் எதற்கு வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பதும் அப்போது தெரிந்தது. வாயைத் திறந்தால் அவர் பிழைப்பார், இந்தப் பெண் போய்விடுவாள். திறக்காவிட்டால் அவர் போய்விடுவார். போலீஸ் வர இன்னும் நேரம் இருந்தது. அரிவாள் வைத்திருந்தவர்கள் போலீஸுக்காகக் காத்திருக்கிறவர்களாகத் தெரியவில்லை.

யாரோ தவறிப் போட்ட கங்கு என்று மட்டும் சொல்லலாமா என்று யோசித்தேன். யாருடைய கங்கு என்று அடுத்த மூச்சில் கேட்பார்கள். மூன்று பேர் துண்டைப் பார்த்திருக்கிறார்கள். துண்டையும் கங்கையும் சேர்த்தால் வேலி வந்துவிடும், வேலியிலிருந்து மருமகளுக்கு நாலடி.

அப்போது என் கண்ணில் சாம்பல் குழி பட்டது. கொட்டகைக்குப் பின்னால், கடலைக்கொடிப் போரை ஒட்டி இருந்தது. அந்த வீட்டில் காலையில் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டுவது மாமியார்தான், வேறு யாரையும் தொட விடமாட்டாள் என்று மருமகள் சொன்னாள். நான் குழியில் கையை விட்டேன். மேலே எரிந்த தூசி காய்ந்து கிடந்தது, எங்கள் குழாய்த் தண்ணீர் அங்கே படவில்லை. ஒரு விரல் ஆழத்தில் சாம்பல் சில்லென்று ஈரமாக இருந்தது. அந்த அம்மாள் தண்ணீர் ஊற்றித்தான் கொட்டியிருக்கிறாள். நெருப்பு அங்கிருந்து வரவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

அங்கே பேச்சு முற்றிப்போயிருந்தது. மணியக்காரர் லீடிங்காரின் முகத்துக்கு நேராக விரலை நீட்டிக்கொண்டிருந்தார்.

"நீயும் தெலுங்குக்காரன், அவனும் தெலுங்குக்காரன். நீ எழுதறதை நாங்க நம்பணுமா?"

"நம்பாதீங்க" என்றார் லீடிங்கார். "போலீஸ் வரட்டும்."

"போலீஸு மட்டும் யாரு? உங்க ஆளுதான்!"

கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. நான் நடுவில் போய் நின்றேன்.

"நெருப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

"நீ யாரும்மா? எந்த ஊரு?"

"நாகலாபுரம். எங்க நைனாவும் உங்கள மாதிரிதான், ஏர் புடிச்ச கை."

"அப்ப நீ நம்ம பொண்ணு" என்றார் மணியக்காரர். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "நம்ம பொண்ணு சொல்லட்டும்பா. நம்ம பொண்ணு பொய் சொல்லாது."

அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டே நான் பொய் சொன்னேன்.

"உங்க ஊட்டுச் சாம்பக்குழிலேர்ந்து வந்துச்சு. கங்கு அணையாத சாம்பல். பக்கத்துல கடலைக்கொடி. காத்து அடிச்சிருக்குது, புடிச்சிக்கிச்சு. யாரும் கொளுத்தல."

மணியக்காரருடைய சம்சாரம் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். "ஐயோ, நான் தண்ணி ஊத்தித்தானே…" என்று ஆரம்பித்தாள்.

"வாயை மூடுடி!" என்று மணியக்காரர் கத்தினார். அவருக்கு முகம் செத்துப்போய்விட்டது. ஊரைக் கூட்டி வைத்து நின்ற இடத்தில், குற்றம் தன் வீட்டுக்குள்ளேயே வந்து விழுந்துவிட்டது. மருமகளைத் துரத்தலாம், முப்பது வருஷம் குடித்தனம் செய்தவளைத் துரத்த முடியாது. இரண்டு அடி விழும், பத்து நாள் பேசமாட்டார், அதோடு போகும். அந்த நேரத்தில் நான் போட்ட கணக்கு அதுதான்.

"அப்ப துண்டுக்குள்ள இன்னா வச்சிருந்தான்?" என்று ஒருவன் கேட்டான்.

"புள்ள பெத்தவளுக்கு மருந்து. வேணும்னா ஊட்டுல போய்ப் பாரு. இருபது நாள் பச்ச ஒடம்புக்காரி முன்னாடி அரிவாளோட போய் நில்லு, போ!"

ஒருவரும் போகவில்லை.

லீடிங்கார் மணியக்காரர் வீட்டுக் கொல்லைப்புறம் நடந்தார். நானும் பின்னால் போனேன். அவர் குழி ஓரம் குந்தி உட்கார்ந்து, முழங்கை வரைக்கும் சாம்பலுக்குள் கையை விட்டார். வெளியே எடுத்தார். விரல்களில் ஈரச் சாம்பல் அப்பிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிணற்றடியில் இன்னும் நின்றிருந்த மருமகளையும் பார்த்தார். பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, காகிதத்தை எடுத்து எழுதினார். "இங்கே போடு" என்று என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார். என்ன எழுதினார் என்று எனக்குப் படிக்கத் தெரியாது. போலீஸ் வந்து வாசித்தபோதுதான் நான் சொன்னதையே எழுதியிருக்கிறார் என்று தெரிந்தது.

வாத்தியாரைத் திறந்துவிட்டார்கள். அந்த வாரமே குடும்பத்தோடு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். பதினோரு நாள் கழித்து எனக்கு வேலை நிலைத்தது. லீடிங்கார் அந்தத் தீயைப் பற்றி என்னிடம் கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லவர் என்பதாலா, தானும் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தாலா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

உங்களில் சிலர் நான் செய்தது சரி என்பீர்கள். அப்படிச் சொல்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அடுத்த தடவையும் காரணம் சொல்லும்போது உங்களுக்கு அவ்வளவு சுலபமாகப் பொய் வருமா? எனக்கு வந்தது. அதனால் அதற்குப் பிறகு முப்பது வருஷம், எந்தத் தீயிலும் என் வாயில் வந்த முதல் காரணத்தை நானே இரண்டு தடவை புரட்டிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. காரணம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள். அரிவாளோடு ஒரு கூட்டம் நிற்கும்போது அப்படி எழுத முடியாது என்பீர்கள். முடியாதுதான். நானும் எழுதவில்லை.

எல்லை முடிவாகி அந்த ஊர் சென்னை ராஜ்யத்துப் பக்கம் போயிற்று. நான் ஆந்திராப் பக்கமே வேலையில் இருந்தேன். பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அந்த வழியாகப் போனபோது, கால் தானாக மணியக்காரர் வீட்டுக்குத் திரும்பியது. அவர் காலமாகியிருந்தார். மருமகள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள் பெற்று உடம்பு தடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். "வாக்கா" என்றாள், முறத்தைக் கீழே வைக்காமலே.

மாமியார் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் அடுப்புப் பக்கமே போவதில்லை, விளக்குகூடத் தன் கையால் ஏற்றுவதில்லை என்று வருகிற வழியில் யாரோ சொன்னார்கள். நான் யார் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு மெலிந்த கை, ஆனால் விடவில்லை.

"நீ நெருப்பு வேல தெரிஞ்சவ. உன்னதாம்மா கேக்கணும். அன்னிக்கி நான் தண்ணி ஊத்தினேன். ஒரு சொம்பு முழுசா ஊத்தினேன், எனக்கு நல்லா ஞாபகம் கீது. அந்த மாடு கத்தினது இன்னும் காதுல கேக்குது. நான் கொறைச்சலா ஊத்திட்டேனா?"

வாசலில் முறத்தின் சத்தம் நின்றது.

"ஆமாம் பெரீம்மா" என்றேன். "கொஞ்சம் கொறைச்சலா ஊத்தியிருப்பீங்க."

அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி என் கையை விட்டாள். வாசலில் முறத்தின் சத்தம் மறுபடியும் ஆரம்பித்தது.